ஒட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் பெரியவர் என்ற வழக்கு இருபத்தேழு வருஷமாக முடியாமல் கிடக்கிறது. அவள் என் அண்ணன் மனைவி. அதனால் எனக்கு அண்ணி. நான் அவளைவிட ஒன்றரை வயது மூத்தவள். அதனால் அவளுக்கு அக்கா. ஒருவரை ஒருவர் பெரியவளாக்கிவிட்டு, இரண்டு பேரும் வாங்க போங்க என்று எட்ட நின்றே காலத்தை ஓட்டிவிட்டோம். ஒரு சண்டைகூட கிடையாது. சண்டை போடுவதற்கு யாராவது ஒருத்தி சின்னவளாக இருக்க வேண்டுமே.

எனக்கு ஆல்டரேஷன் கடை. கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஏழடிக்கு ஒன்பதடி. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு திரைமறைப்பு. பேன்ட் நீளத்தைக் குறைப்பது, தோளை இறக்குவது, ஜிப் மாற்றுவது. ஊரார் தைத்ததைத் திருத்துவதே பிழைப்பு என்பதால் எதைப் பார்த்தாலும் எங்கே பிரிக்கலாம், எங்கே வெட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். பிசிறு கண்ணில் பட்டால் கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போய்விடும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் தொங்கிய நூலைக் கேட்காமல் கத்தரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் எனக்கு வைத்த பெயரே கத்திரி.

அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பவன். எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்த பொறுமையை அவன் ஒருவனே எடுத்துக்கொண்டு முதலில் பிறந்துவிட்டான் என்று அம்மா சொல்வாள். கடையைச் சாத்தினால் அவனுக்குச் செடிதான். அதிலும் ஒரே ஜாதிச் செடி. ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஊமத்தம்பூ வானத்தைப் பார்க்கும்; இது முழங்கை நீளத்துக்குத் தரையைப் பார்த்துத் தொங்கும். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். புத்தகத்தில் ப்ருக்மான்சியா என்று போட்டிருக்கும். வாயில் நுழையவில்லை என்று அவன் அதை எக்காளம் என்றே கூப்பிட்டான்.

இரண்டு எக்காளங்களைச் சேர்த்து விதை எடுத்து, நாற்பது நாற்று வளர்த்து, முப்பத்தொன்பதைத் தூக்கிப்போட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். இது பூத்தால் அப்படி ஒரு பூ வேறெங்கும் இருக்காது என்றான். யார் போய்த் தேடிப் பார்த்தது என்று நான் கேட்டேன். ஒருநாள் அது பூத்தது. மூன்று பூ. எனக்கு ஃபோன் செய்தான்.

"கத்திரி, பூத்துடுச்சு. வந்து பாரு. நாலஞ்சு நாள்தான் தாங்கும்."

"யூனிஃபார்ம் சீசன் அண்ணா. கழுத்து வரைக்கும் துணி கெடக்கு. அடுத்த தடவ பூக்கும்ல, அப்ப வரேன்."

"சரி" என்று வைத்துவிட்டான். கோபமெல்லாம் இல்லை, அவனுக்கு அது வராது. ஆறு மாதம் கழித்து, கடையில் உட்கார்ந்தபடியே, கண்ணில் பூதக்கண்ணாடியோடு போய்ச் சேர்ந்தான். எதிரே வாட்ச் வாங்க நின்றவர் ஏதோ நுணுக்கமான வேலை போலிருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசாமல் காத்திருந்திருக்கிறார்.

பூவை நான் பார்க்கவே இல்லை. அண்ணன் ஃபோனில் ஒரு படம் இருந்தது, பால்கனி ட்யூப்லைட்டில் எடுத்தது. அதில் செடி, சுவர், அண்ணனின் கட்டைவிரல் எல்லாமே ஒரே நீலம்.

அவன் போய்ப் பத்து மாதம் ஆனபோது அண்ணி மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். ஆறு வாரம். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். அண்ணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் குழாய் குழாயாகப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுபவள். வீட்டுப் பருப்பு டப்பாவில்கூட வாங்கிய தேதி இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் எனக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். எக்காளத்துக்குக் காலையில் ஒரு வாளித் தண்ணீர். அடியில் வரும் துளிரை அப்போதைக்கப்போது எடுத்துவிடவும். மேலே தொட வேண்டாம்.

ஏன் என்று எழுதவில்லை. காரணம் சொல்லாத உத்தரவு எனக்குத் தொண்டையில் இறங்காது. இருந்தாலும் தினமும் கடை திறக்குமுன் போய்த் தண்ணீர் ஊற்றினேன். பால்கனியின் பாதியை அடைத்துக்கொண்டு அண்டா அளவுத் தொட்டியில் அது நின்றது. முழங்கால் உயரம் வரை ஒற்றைத் தண்டு. அங்கே கைமுட்டியைப் போல ஒரு புடைப்பு. அதற்கு மேல் தண்டு போய்க் கவையாகப் பிரிந்து, கிளை கிளையாகத் தலைக்கு மேலே நின்றது. கிளைகளில் இலையே கொஞ்சம்தான். இருந்ததும் செம்பேன் பூச்சி அரித்து மஞ்சள் பூத்து, சல்லடையாகக் கிடந்தது. தலைசீவாத பிச்சைக்காரன் மாதிரி இருந்தது என்றுதான் சொல்வேன்.

அடியில் வந்த துளிரோ அப்படியில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு கொழுகொழுவென்று வந்தது. நான் அதை மண்மட்டத்தோடு, தையலை ஒட்டி நூலை நறுக்குவதுபோல, சுத்தமாக வெட்டினேன். மறுவாரம் வெட்டிய இடத்தில் இரண்டு. அதை வெட்டினால் நான்கு. நான் ஒன்றைச் செய்ய, அது என்னிடம் எதிர்வாதம் செய்ததுபோல் இருந்தது. நான்காவது வாரம் எனக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டேன். விட்டதும் பார்க்க வேண்டுமே. இரண்டே வாரத்தில் இடுப்புயரம், பச்சைப்பசேல் என்று ஒரு புதர்.

அதையும் பார்த்தேன், மேலே நின்ற வறண்ட கிளைகளையும் பார்த்தேன். நைந்த துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல துணியை வைத்துக்கொள்வதுதானே முறை. செடியே அடியிலிருந்து புதிதாக வரப் பார்க்கிறது, அண்ணி பாவம், பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், அவளால் வெட்ட முடியாது, நான் வெட்டித் தருகிறேன் என்று முடிவு கட்டினேன். உள்ளதைச் சொன்னால், ஊரிலிருந்து வந்ததும் அவள் அசந்துபோய் நிற்பதை மனசுக்குள் இரண்டு தடவை பார்த்தும்விட்டேன்.

அண்ணி வருவதற்கு முந்தின நாள் அண்ணனின் சின்ன ரம்பத்தை எடுத்தேன். அந்தப் புடைப்பு ஏதோ நோய்க்கட்டி என்று நினைத்ததால் அதற்குக் கீழேயே வைத்தேன். பச்சைத்தண்டில் ரம்பம் வழுக்கியது. நேர்க்கோடு போடத் தெரிந்த என் கை அன்றைக்குக் கோணலாகப் போய், ஒரு பக்கம் புடைப்புக்குக் கீழேயும் மறுபக்கம் புடைப்புக்குக் கொஞ்சம் மேலேயும் அறுத்து முடித்தது. கிளைகளைத் துண்டாக்கி, கோணியில் அடைத்துக் கீழே வைத்தேன். வேர்த்துக் கொட்டியது. புறங்கையால் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடையில் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. எட்டுத் தடவை முயன்றேன். கண்ணாடியில் பார்த்தால் இடது கண் வழக்கம்போல் இருந்தது. வலது கண்ணில் நடுவிலிருக்கும் கருவட்டம் விரிந்து, விழி முழுக்க அதுவே நின்றது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது பக்கவாதத்துக்கு அறிகுறி, தன் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று ஆறுதல் சொன்னார். மாமனார் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணி வரும் நேரம் வேறு ஆகிவிட்டதால் கடையைச் சாத்திவிட்டு அங்கே போனேன்.

நான் பால்கனியைக் கூட்டி முடிக்கவும் அவள் பெட்டியோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. குழந்தை எப்படி, யார் ஜாடை என்றெல்லாம் கேட்க வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"கண்ண காட்டுங்க."

"தூசி விழுந்துடுச்சு அண்ணி."

"தூசி இல்ல. அவருக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும்." பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. "எத வெட்டினீங்க?"

"சும்மா சுத்தம் பண்ணேன். வந்து பாருங்க, எப்படித் தழைஞ்சிருக்குன்னு."

அவள் பால்கனிக்குப் போனாள். அசந்துதான் நின்றாள். பிறகு குந்தி உட்கார்ந்து, அந்தப் பச்சைப் புதரை இரண்டு கையாலும் விலக்கி, நடுவில் நின்ற மொட்டைக் கட்டையைத் தொட்டாள்.

"மேல இருந்ததெல்லாம் எங்க?"

"கோணியில கட்டி வெச்சேன். காலையில குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிருக்கும்."

"இது ஒட்டுச்செடி அக்கா" என்றாள். குரல் ஏறவே இல்லை. பரிசோதனை முடிவைப் படித்துக்காட்டும் அதே குரல். "அவரோட நாத்துக்கு வேர் அழுகிப்போச்சு. காப்பாத்தறதுக்காக அதோட கிளைய எடுத்து, நல்லா ஓடுற வேற செடி மேல ஒட்டு வெச்சார். இந்த முடிச்சுதான் ஒட்டு. இதுக்கு மேல இருந்தது அவர் பூ. இதுக்குக் கீழ வர்றதெல்லாம் அந்த இன்னொண்ணு. எல்லாக் கடையிலயும் விக்குமே, சாதா வெள்ளை எக்காளம். அது சீக்கிரம் வளரும். விட்டா மேல இருக்கறதுக்குச் சாப்பாடு போகாது. அதான் அடித்துளிர எடுக்கச் சொன்னேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அத எழுதியிருக்கலாம்ல அண்ணி."

"மேல தொட வேண்டாம்னு எழுதியிருந்தேன்."

"காரணம் எழுதல."

"காரணம் தெரிஞ்சாத்தான் கேப்பீங்களா?" அவள் எழுந்திருக்கவில்லை. கட்டையைப் பார்த்தபடியே பேசினாள். "சட்டைக்கும் நான் ஒண்ணும் சொல்லல."

அண்ணன் போன மூன்றாவது மாதம் அவனுடைய சட்டைகளையெல்லாம் எடுத்துப் போய், சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்து அண்ணிக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்திருந்தேன். பதினோரு நாள் வேலை. என் வாழ்க்கையிலேயே நான் தைத்ததில் அதுதான் உருப்படியானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் நன்றாக இருக்கிறது என்றாள். அவள் கட்டிலில் அதுதான் கிடக்கிறது.

"அலமாரியில இருந்ததெல்லாம் தோய்ச்ச சட்டை. அத எடுத்தீங்க, சரி. கதவுக்குப் பின்னால ஆணியில ஒண்ணு தொங்குச்சு. அது அவர் கடைசியாப் போட்டுக் கழட்டினது. நான் தோய்க்காம வெச்சிருந்தேன். நீங்க அதையும் சேர்த்துத் தோய்ச்சு, வெட்டி, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தீங்க. எந்தச் சதுரம் அதுன்னு ராத்திரியெல்லாம் மோந்து மோந்து பாத்தேன். எல்லாம் சோப்பு வாசம்."

இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். தெருமுனைக் குப்பைத்தொட்டியைப் போய்ப் பார்த்தேன். கழுவித் துடைத்ததுபோல் காலியாக இருந்தது.

பிறகு மூன்று வாரம் பேச்சில்லை. கண் இரண்டு நாளில் சரியாயிற்று. மற்றது ஆகவில்லை. அண்ணன் கூப்பிட்டபோது போகாமல் இருந்ததும், போகாமல் விட்ட பூவை என் கையாலேயே அறுத்ததும் சேர்ந்துகொண்டு, கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் முன்னால் வந்து நின்றன. செழிப்பாக வளர்வதைப் பார்த்து இதுதான் வேண்டியது என்று முடிவு செய்தேனே, எந்த வேரிலிருந்து வருகிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்தேனா? ஒருவர் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மௌனமாக இருப்பவர்களை நான் எப்போதும் அப்படித்தான் படித்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக் கையை அளவெடுக்கும்போது, "இவ்ளோ போதுமா சார், இல்ல இன்னும் விடவா?" என்று மூன்று தடவை கேட்டேன். அவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நான்காவது வாரம் அண்ணியின் ஃபோன் வந்தது.

"கட்டையில ரெண்டு துளிர் வந்திருக்கு. ஒட்டுக்கிட்ட. நீங்க கோணலா வெட்டினீங்கல்ல, ஒரு பக்கத்துல மேல்பாகம் ஒரு விரற்கடை மிச்சம் இருக்கு. ஒண்ணு அதுல இருந்து வந்ததா இருக்கலாம். இல்ல, ரெண்டுமே வெள்ளையா இருக்கலாம். கண்ணால பாத்தா எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் செடி இலை தொட்டா வெல்வெட்டு மாதிரி இருக்கும். வெள்ளை வழவழன்னு இருக்கும்னு சொல்வார். எனக்கு நாள் முழுக்க கையுறை. தொட்டுத் தொட்டு விரல்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நீங்க வாங்க. கத்திரி வேணாம். விரல் மட்டும் கொண்டு வாங்க."

போனேன். பச்சைப் புதர் முழுவதையும் அவள் ஏற்கெனவே எடுத்திருந்தாள். வெட்டி எடுக்கவில்லை, மண்ணைத் தோண்டி, வேரில் அது கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்து, கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிய்த்திருந்தாள். பிய்த்தால் அந்தக் கண் அங்கேயே செத்துவிடும், மண்மட்டத்தில் நறுக்கினால் அடியிலிருக்கும் கண்ணெல்லாம் விழித்துக்கொள்ளும் என்றாள். நான் நான்கு வாரம் அந்தச் செடிக்கு வெள்ளைப் பயிர் செய்து கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

கட்டையில் இரண்டு துளிர். இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஒன்று தடித்து நிமிர்ந்து நின்றது. இன்னொன்று நோஞ்சான், சாய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். துணிக்கடையில் வெல்வெட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு நான் கண்ணைத் திறப்பதில்லை. ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும். தடித்ததைத் தடவினேன். இரண்டு பக்கமும் வழுக்கியது. நோஞ்சானைத் தடவினேன். தடுத்தது. ஆனால் இலை மிளகளவுதான் இருந்தது. பிஞ்சு இலையில் எல்லாவற்றுக்கும் பூனைமயிர் இருக்குமோ என்னவோ.

பழைய நானாக இருந்தால் அந்த நிமிஷமே தடித்ததைக் கிள்ளியிருப்பேன்.

"சாஞ்சிருக்கறதுன்னு தோணுது" என்றேன். "ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல அண்ணி. தப்பாச் சொன்னா அத்தோட போச்சு."

அண்ணி பரிசோதனைக் கூடத்துச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, என்னிடம் நூல் வாங்கி, நோஞ்சானின் அடியில் கட்டினாள். சீட்டில் தேதி மட்டும் எழுதியிருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

பத்து நாள் கழித்து மறுபடி தொட்டேன். அப்போதும் தடுத்தது. தடித்ததை எடுக்கலாமா என்று கேட்டேன். எடுங்க என்றாள். அடியோடு பிய்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறை நாளும் அங்கேதான். அண்ணி கையுறை கொடுப்பாள். நான் மண்ணைக் கிளறி வேரைத் தடவுவேன். வாரம் தவறாமல் வெள்ளை வந்தது. தொட்டிச்சுவரை ஒட்டி வந்தது, அடித்துளை வழியாகக்கூட ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. என்ன திடம், என்ன உற்சாகம்! பிய்க்கும்போது எனக்கு அதன்மேல் ஒரு பாசம்கூட உண்டு. அதுவும் வாழத்தானே வருகிறது. அந்த வேரே அதனுடையதுதானே, நோஞ்சான்தான் அங்கே குடித்தனக்காரன். இதை அண்ணியிடம் சொன்னேன். அவள் மண்ணை நிரப்பிக்கொண்டே, "பேசாம பிய்ங்க" என்றாள். அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. மனசுக்கு இதமாக இருந்தது.

நோஞ்சான் தேறியது. மூன்று மாதத்தில் முழங்கை உயரம் வந்து கவையாகப் பிரிந்தது. கவை விழுந்தால்தான் அது பூக்கிற வயசு என்று அண்ணி சொன்னாள். ஐந்தாவது மாதம் கவையின் ஒரு கையில் ஒரே ஒரு மொட்டு, பச்சைச் சுருட்டுபோல் தொங்கியது. அண்ணி ஃபோன் செய்தாள்.

"நாளைக்கு சாயங்காலம் விரியும்னு நெனைக்கறேன்."

பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது. கடையில் நூற்றுப்பத்து யூனிஃபார்ம் கிடந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டி, 'நாலு நாள் விடுமுறை' என்று அட்டை மாட்டினேன். திட்டியவர்களெல்லாம் நன்றாகத் திட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெளிச்சம் போகும் நேரத்தில் மொட்டு நுனி பிரிந்தது. பிறகு நாம் பார்க்காதபோது கொஞ்சம், பார்க்காதபோது கொஞ்சமாக, முழுக்க விரிந்து தொங்கியது.

வெள்ளை.

எந்தச் சாயலும் இல்லாத, கடையில் விற்கும் வெள்ளை. நான் அண்ணி பக்கம் திரும்பவில்லை. என் விரல் பொய் சொல்லிவிட்டது. நான் தொட்டுப் பிய்த்துப்போட்ட அந்தத் தடித்ததுதான் அண்ணன். இரண்டு தடவை கொன்றிருக்கிறேன்.

"அவர் பூ என்ன நிறம் அண்ணி?" இதைக் கேட்க எனக்கு இவ்வளவு நாளாயிற்று.

"நான் பாத்தப்போ ரோஸ். ஆனா நான் பாத்தது மூணாம் நாள். மொத ரெண்டு நாள் எனக்கு டபுள் டூட்டி. வந்து விழுந்து தூங்கிட்டேன். வந்து பாருன்னு என்னையும்தான் கூப்பிட்டார்." அவள் பூவின் விளிம்பைத் தொடாமல் விரலை அருகே கொண்டுபோனாள். "மொத நாள் எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது."

மறுநாளும் வெள்ளைதான். விளிம்பில் ஏதோ தெரிகிறது என்று மத்தியானம் அண்ணி சொன்னாள். எதிர்வீட்டுச் சிவப்புத் திரையின் பிரதிபலிப்பு என்று நான் சொன்னேன். அன்று ராத்திரி அந்தச் சட்டைப் போர்வையை ஆளுக்குப் பாதியாகப் போர்த்திக்கொண்டு ஒரே கட்டிலில் படுத்தோம்.

மூன்றாம் நாள் காலை அண்ணி என்னை உலுக்கி எழுப்பினாள். "எழுந்திரிங்க. நான் இன்னும் பால்கனிக்குப் போகல. சேர்ந்தே பாப்போம்."

பூ முழுக்க ரோஸாக இருந்தது. வெளிறிய ரோஸ் இல்லை; கொய்யாவைப் பிளந்தால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும். காலை வெயிலில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு நாற்பதில் இது ஒன்றுதான் போதும் என்று தோன்றியது சரிதான் என்று எனக்குப் புரிந்தது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமாக இல்லை.

அழுது முடித்துப் பார்த்தால் அண்ணி கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். கவையின் இரண்டு கையில் ஒன்றில் பூ. இன்னொன்று வெறும் இலை. அந்த இலைக்கையின் அடியில் அவள் கத்தரிக்கோலை வைத்தாள்.

"வேண்டாம் அண்ணி" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வெட்டாதீங்க. இருக்கறதே இதுதான்."

"அதனாலதான்." என் கையை மெதுவாக விலக்கிவிட்டு வெட்டினாள். "கவைக்கு மேல எடுத்தது, சீக்கிரமே பூக்கும். தண்ணியில வெச்சா வேர் விடும். ஒட்டு கிட்டு எதுவும் வேணாம், அதுவே அதோட வேர்ல நிக்கட்டும். இது உங்க வீட்டுக்கு."

"என்கிட்டயா? நான் என்ன பண்ணேன்னு பாத்தீங்கல்ல."

அவள் உட்கார்ந்துகொண்டாள். வெட்டிய கிளையை மடியில் வைத்திருந்தாள்.

"மேல கிளையெல்லாம் காஞ்சு கெடந்துச்சுல்ல, ஏன்னு நெனைக்கறீங்க? அவர் போனதுக்கப்புறம் ஆறு மாசம் நான் அதுக்குச் சொட்டுத் தண்ணி ஊத்தல. மழை பெஞ்சா உண்டு. தினம் இங்க நின்னு துணி காயப்போடுவேன், பாப்பேன், ஊத்த மாட்டேன். அவ்ளோ கோவம் அவர் மேல. நீங்க வெட்டினது பாதி செத்த செடி அக்கா. அத சாகடிச்சது நான். அன்னைக்கு உங்கள அவ்ளோ பேசினேனே, இத மட்டும் சொல்லல."

ஆறுதல் சொல்ல வரவில்லை. உள்ளே இருந்ததுதான் வந்தது.

"எனக்கும்தான் கோவம். ஒரு தடவதான் கூப்பிட்டான். வரலைன்னதும் சரின்னு வெச்சிட்டான். இன்னொரு தடவ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல."

"அதுக்குத்தான் நான் கூப்பிட்டேன்" என்றாள் அண்ணி. "ரெண்டு தடவ."

பிறகு எழுந்துபோய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, கிளையை அதில் வைத்து என்னிடம் கொடுத்தாள். அன்று முழுக்கப் பூவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தோம்.